சிலருடைய பலவீனம்

கொழும்பில் வுல்பெண்டால் ஆலயத்தை எழுப்பிய ஒல்லாந்தரின் சீர்திருத்தத் திருச்சபை தென்னாபிரிக்காவிலும் வேரூன்றியது. அங்கு 1829இல் கூடிய பேரவை, திருவிருந்தில் நிறவேற்றுமை ஆகாதென்றே விதித்தது. 1857ஆம் ஆண்டுப் பேரவையும் அக்கொள்கையை மறுத்திலது. ஒரே சபையாய்க் கூடுவதே வேதத்துக்கு இசைந்ததென ஒப்பியபின், ‘சிலருடைய பலவீனம்’ கருதிச் சுதேச விசுவாசிகள் வேறு கட்டடத்தில் வழிபடலாம் என்றது. பலவீனர் வெள்ளையர், வெளியேறியவரோ மற்றையோர்! இத்தகைய பணிவான சொற்களுக்கே நாம் அஞ்சுகிறோம். 1881இல் தனிச்சபையே அமைந்தது. 1948இன் பின் இனஒதுக்கல் அரசின் கொள்கையாயிற்று. அதற்கு வேதத்தில் ஆதாரம் தேடித் தந்தோரும் இச்சபையில் இருந்தனர்.

மறுப்புரை ஒதுக்கப்பட்டோரிடமிருந்தே வந்தது. அவர்களது சபை 1982இல் கேப் டவுனை அடுத்த பெல்ஹாரில் ஒரு விசுவாச அறிக்கையை வரைந்து, 1986இல் அதனை ஏற்றது. சபையின் ஒருமை கிறிஸ்துவின் கொடை மட்டுமன்று, கடமையுமாகும் என்பது அதன் சாரம். வெள்ளையரின் தாய்ச்சபை பின்னர் இனஒதுக்கலைப் பாவமென்று அறிக்கையிட்டதை நாம் மதிக்கிறோம். ஆயினும் பெல்ஹார் அறிக்கையைத் தன் விசுவாசப் பிரமாணங்களுள் சேர்க்க அதன் பொதுப்பேரவை 2011இல் எடுத்த முயற்சிக்குப் பிரதேசப் பேரவைகளின் போதிய ஆதரவு கிட்டவில்லை. பெல்ஹார் வழியினரும் தாய்ச்சபையாரும் இன்றும் வெவ்வேறு சபைகளே.