கண்ணுல படாம போயிடு

காலை ஏழு மணிக்கு பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத் தஸ்கா (குழந்தைக் காப்பகம்) வாசலில் நின்று பாருங்கள். "அங்க பாரு, காக்கா!" என்று ஆன்ட்டி பிள்ளையின் முகத்தைத் திருப்புவார். அந்த ஒரு நொடியில் அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நழுவிவிடுவார். பிள்ளை திரும்பினால் ஆளைக் காணோம். அலறல் மூன்றாவது மாடிவரை கேட்கும். அம்மா தூணுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்.ஆர்.டி. பிடிக்க ஓடுவார்.

இந்த யோசனையை அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆளுக்கா பஞ்சம்? மாமியார், பக்கத்து வீட்டு அக்கா, ஆபீஸ் தோழி என்று எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். "கண்ணுல படாம போயிடும்மா. ரெண்டு நாள் அழும், பழகிடும். செல்லங்கொடுத்து வச்சிருக்க, அதான்."

இதில் ஒரு சொல்கூடச் சரியில்லை என்பது என் கட்சி.

முதலில் செல்லத்தைப் பார்ப்போம். 2023 ஜனவரி முதல் நம் மலேசியாவில் பிரசவ விடுப்பு 98 நாள். அது முடிந்து மூன்று மாதக் குழந்தையைத் தஸ்காவில் விடும்போது அது யார் தூக்கினாலும் சிரிக்கிறது. "நல்ல புள்ள, ஒட்டிக்கவே இல்ல" என்கிறோம். ஒன்பதாம் மாதத்தில் அதே பிள்ளை அம்மா குளியலறைக்குப் போனாலே வீறிடுகிறது. உடனே "யாரோ கெடுத்துட்டாங்க" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். யாரும் கெடுக்கவில்லை, பிள்ளைக்கு மூளை வளர்ந்திருக்கிறது. கண்ணில் படாத அம்மா எங்கோ இருக்கிறாள் என்பது இப்போது அதற்குத் தெரிகிறது, எப்போது வருவாள் என்பதுதான் தெரியவில்லை. ஏழெட்டு மாதத்தில் தொடங்கி, ஒன்றரை வயதுவாக்கில் உச்சத்துக்குப் போய், மூன்று வயதுக்குள் பெரும்பாலும் தணிகிற பயம் இது. செல்லமே அறியாத வீட்டுப் பிள்ளைக்கும் வரும்.

"பழகிடும்" என்பது இன்னும் பெரிய ஏமாற்று. 1952இல் லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர் ஓர் ஆவணப்படம் எடுத்தார். இரண்டரை வயதுகூட நிறையாத ஒரு சிறுமி சிறு அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் இருக்கிறாள். பெற்றோர் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், கூடத் தங்க முடியாது. அவள் பெரிதாக அழுது ஆர்ப்பாட்டம் செய்யவில்லை. அந்தக் காலத்து வார்டுகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான் "பழகிட்டா" என்று சொல்வார்கள். ராபர்ட்சனின் கேமரா அவள் முகத்தருகே போய் வேறொன்றைக் காட்டியது. அழுகையை அடக்கி அடக்கி இறுகிப்போன முகம். அம்மா வந்தபோது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். முதலில் எதிர்ப்பு, பிறகு நம்பிக்கையிழப்பு, கடைசியில் ஒட்டாமை என்று அவர் வரிசைப்படுத்தினார். மருத்துவ உலகம் முதலில் சீறியது. ஆனால் 1959இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த பிளாட் குழு, பெற்றோர் பிள்ளையை எந்நேரமும் வந்து பார்க்க அனுமதிக்கச் சொன்னது. இன்று நம் ஊர் மருத்துவமனையில் பிள்ளையின் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு அம்மா படுக்கிறார் என்றால், அதற்குப் பின்னால் அந்தப் படமும் இருக்கிறது.

எட்டு நாள் மருத்துவமனையும் எட்டு மணி நேரத் தஸ்காவும் ஒன்றல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அழுகை நின்றால் பயமும் நின்றது என்று கணக்குப் போடுவது இரண்டு இடத்திலும் ஒரே தவறுதான்.

இங்கேதான் கிள்ளான் பாட்டிகள் தங்கள் பிரம்மாஸ்திரத்தை எடுப்பார்கள். "நாங்க எஸ்டேட்டுல ஆயாக்கொட்டகையில போட்டுட்டு விடியறதுக்குள்ள ஆளெண்ணுற பெரட்டுக்குப் போனோமே, எங்க புள்ளைங்க என்ன கெட்டா போச்சுங்க?" நியாயமான கேள்வி, அலட்சியப்படுத்தக் கூடாது. அந்தக் கொட்டகையைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். ஆட்டுகிற ஆயா அதே லயத்துக்காரி. பிள்ளையின் அம்மாவுக்குப் பிரசவம் பார்க்கக் கூட நின்றவளாகவும் இருப்பாள். இன்றைக்கும் நாளைக்கும் அடுத்த வருஷமும் அவளேதான். ரப்பர்ப் பால் நிறுத்து முடிந்ததும் அம்மா வந்துவிடுவாள், தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்துக்கு. அக்காள் தங்கை, அடுத்த வீட்டுப் பிள்ளை எல்லாம் அதே கொட்டகைதான். அந்த வாழ்க்கையை நான் புகழவில்லை. வறுமையும் நோயும் அங்கே எவ்வளவு என்பது தோட்டத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். அழுத பிள்ளைகளைக் கணக்கெடுத்தவரும் இல்லை. ஆனால் தெரிந்த முகம், மாறாத ஆள், தவறாத நேரம் என்ற மூன்றும் அங்கே இருந்தன. இன்றைய தஸ்காவில் ஆன்ட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறார். ஃபெடரல் நெடுஞ்சாலை ஜாமில் அம்மா ஆறுக்கு வருவாரா, எட்டுக்கு வருவாரா என்பது அவருக்கே தெரியாது. பாட்டி தன் காலத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை விட்டுவிட்டு, அழவிட்டதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்.

நழுவிப் போவதன் விளைவு அன்று மாலையே தெரியும். திரும்பிப் பார்த்தால் அம்மா மறைந்துவிடுவாள் என்று கற்றுக்கொண்ட பிள்ளை, வீட்டிலும் கண்ணை எடுக்காது. கழிப்பறைக் கதவைத் தட்டும். தூக்கத்திலும் சட்டை நுனியைப் பிடித்திருக்கும். சொல்லிவிட்டுப் போங்கள். "சோறு சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் அம்மா வருவேன்" என்று சொல்லுங்கள், ஒரு முத்தம் கொடுங்கள், கிளம்புங்கள். வாசலில் நின்று நாலு தடவை திரும்பி வராதீர்கள். அழும், அழட்டும். ஏமாந்து அழுவதும் தெரிந்து அழுவதும் வேறு வேறு. முதல் வாரம் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள் என்று கூட்டிக்கொண்டு போக முதலாளி விடமாட்டார் என்றால் அப்பா ஒரு நாள் லீவு போடட்டுமே! இந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் எப்போதும் அம்மாதான் நிற்கிறார். அப்பாவை யாரும் சாட்சியாகக்கூடக் கூப்பிடுவதில்லை.

பள்ளியில் முதலாம் ஆண்டுக்குப் போன பிறகும் விடாத பயம் வேறு கதை. ஞாயிறு இரவு வயிற்று வலி. கோடாலித் தைலம் தேய்த்துப் படுக்க வைப்பார்கள். திங்கள் காலை வாந்தி. "நடிக்கிறான்" என்பார் ஒருவர், "பயந்த கோளாறு, கயிறு கட்டு" என்பார் இன்னொருவர். கயிறு கட்டுங்கள், கோயிலுக்கும் போங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. அத்தோடு நிற்பதுதான் சண்டை. வலி உண்மையான வலி, பயம் உடம்பில் இறங்கினால் பெரும்பாலும் வயிற்றில் பிடிக்கும். பாவம் என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டால் பயம் இன்னும் தடிக்கும். பிள்ளைகளிடம் இது 4 வாரத்துக்கு மேல் நீடித்து, பள்ளியையும் தூக்கத்தையும் கெடுத்தால் மருத்துவர்கள் அதைச் சிகிச்சை வேண்டிய கோளாறாகவே பார்க்கிறார்கள். சிகிச்சை உண்டு. 2008இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பிரிவுப் பயம் உள்ளிட்ட பதற்றக் கோளாறுகள் கொண்ட 488 பிள்ளைகளில், பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 60 விழுக்காட்டினர் 12 வாரத்தில் நன்றாகத் தேறினர். மருந்தும் சேர்ந்தபோது அது 81 விழுக்காடு.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். அங்கே கடிதம் வாங்கிக்கொண்டு கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கோ, கோலாலம்பூர் மருத்துவமனைக்கோ, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கோ போகலாம். "மனநலப் பிரிவா, நாளைக்கு யார் பொண்ணு கொடுப்பா?" என்று ஏழு வயதுப் பையனுக்குக் கவலைப்படும் சித்தப்பாவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். எத்தனை வாரமாக இப்படி, எத்தனை நாள் பள்ளி போகவில்லை, இரவில் யார் பக்கத்தில் படுக்கிறான் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் வயிறு வலிக்கவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் சித்தப்பாவுக்குத்தான் அது நடிப்புக்கு ஆதாரம். மருத்துவருக்கு அங்கிருந்துதான் வேலை தொடங்குகிறது.