கோல்ஃப் ஆடாதவர்களுக்கும் வரும் முழங்கை வலி!

"கோல்ஃப் மட்டையை நான் சினிமாவில்தான் பார்த்திருக்கேன். எனக்குப் போய் 'கோல்ஃபர்ஸ் எல்போ'ன்னு டாக்டர் சொல்றாரே!"

இப்படி ஆச்சரியப்படும் இல்லத்தரசிகள் உண்டு. பெயரில்தாங்க கோல்ஃப் இருக்கிறது. வலி இருப்பதென்னவோ, தினமும் வாளி வாளியாகத் துணி பிழிகிற கையில்!

உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையை நீட்டுங்கள். முழங்கையில், உடம்பை ஒட்டிய பக்கத்தில் ஓர் எலும்பு மேடு தட்டுப்படும். மணிக்கட்டையும் விரல்களையும் உள்பக்கம் மடக்கும் தசைகள் பலவும் ஒன்றாகச் சேர்ந்து ஒட்டியிருப்பது அந்தச் சின்ன இடத்தில்தான். துணி பிழிவது, மாவு பிசைவது, காய்கறிப் பையைத் தூக்குவது என்று எல்லா வேலையின் இழுப்பும் அங்கேதான் போய் விழுகிறது. வருஷக்கணக்கில் இழுபட்டால் தசைநார் நைந்து போகாமல் என்ன செய்யும்? பெரும்பாலும் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு வருகிறது. (வெளிப்பக்க மேட்டில் வலித்தால் அது 'டென்னிஸ் எல்போ'.)

சந்தேகமா? வலிக்கிற கையை முஷ்டி பிடித்து, மணிக்கட்டை உள்பக்கம் மடக்குங்கள். மற்ற கையால் அதைத் தடுத்துப் பாருங்கள். அந்த மேட்டில் 'சுரீர்' என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இங்கேதான் நாம் தப்பு செய்கிறோம். "சுளுக்கு எடுக்கிறேன்" என்று சிலர் முரட்டுத்தனமாக நீவி விடுகிறார்கள். "ஒரே ஊசியில் சரியாகணும் டாக்டர்" என்று சிலர் கெஞ்சுகிறார்கள். ஸ்டீராய்டு ஊசி வலியைச் சீக்கிரம் குறைக்கும், உண்மைதான். ஆனால் 60 முழங்கைகளில் செய்து 1997-ல் வெளியான ஆய்வு என்ன சொன்னது தெரியுமா? ஆறாவது வாரத்தில் ஸ்டீராய்டு பெற்றவர்களுக்கு வலி குறைவு. மூன்றாவது மாதத்திலும், ஒரு வருடம் கழித்தும், பெறாதவர்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசமே இல்லை! நைந்த நாருக்குத் தேவை அவசரமல்ல, அவகாசம்.

என்ன செய்யலாம்?

* வலி தரும் வேலையைச் சில வாரங்கள் குறையுங்கள். கையை ஒரேயடியாகக் கட்டிப்போட வேண்டாம். கனமான துணிகளைப் பிழியாமல் கொடியில் போட்டு நீர் வடியவிடுங்கள்.

* ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 10-15 நிமிடம் ஒத்தடம் கொடுங்கள்.

* வலி தணிந்ததும் பயிற்சி. உள்ளங்கை மேலே இருக்க, முன்கையை மேஜையில் வைத்து, மணிக்கட்டை மட்டும் வெளியே நீட்டுங்கள். கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். மற்ற கையின் உதவியோடு மணிக்கட்டை உயர்த்தி, பிறகு உதவியில்லாமல் மெதுவாக இறக்குங்கள். பத்துப் பத்தாக மூன்று முறை. பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை காட்டிக் கற்றுக்கொண்டால் நல்லது.

குணமாக மாதக்கணக்கில் ஆகலாம். ஆனாலும் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் தேவைப்படுவதில்லை. சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப் போனால், நரம்பு அழுத்தப்படுகிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். கைவலியோடு நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், வியர்வை என்றால் அது முழங்கை விவகாரம் அல்ல. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!

கடைசியாக, கணவன்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. "கையை ரெஸ்ட்ல வைங்க" என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் போதுமா? அந்த ரெஸ்ட்டை மருந்துக் கடையில் விற்பதில்லையே! அது வீட்டில்தான் கிடைக்க வேண்டும். அம்மா "கை வலிக்குது" என்றால் தைலத்தை நீட்டிவிட்டு டி.வி. பக்கம் திரும்பாதீர்கள். போர்வையைப் பிழிந்து போடுங்கள், சப்பாத்தி மாவைப் பிசைந்து கொடுங்கள். மூன்று மாதம் இதைச் செய்து பாருங்கள். ஊசிக்கு ஆகும் செலவே மிச்சமாகலாம்!