கேமரா போடும் பவுடர்

எங்கள் சென்னீர்குப்பத்தில் நாலு பெண்கள் சேர்ந்தால் முன்பெல்லாம் புடவைப் பேச்சு, நகைப் பேச்சு. இப்போது என்ன பேச்சு தெரியுமோ? கேமராப் பேச்சு! "உங்க போன்ல எத்தனை மெகாபிக்சல் அக்கா?" என்கிறாள் ஒருத்தி. "எங்க வீட்டுக்காரர் லென்ஸ் மாத்தற கேமரா வாங்கியிருக்கார், பின்னாடி இருக்கறதெல்லாம் பஞ்சு மாதிரி மங்கலா விழுது பாருங்க" என்கிறாள் இன்னொருத்தி. ஆவடி ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில்கூட இதேதான்.

நான் கேலி பேசவில்லை. பொழுதுபோக்காகப் படம் பிடிப்பது நம் சென்னைக்குப் புதிதும் அல்ல. 1850களிலேயே இங்கே அதற்கென்று ஒரு சங்கம் ஏற்பட்டுவிட்டது. இன்றும் போட்டோகிராபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ் என்ற பெயரில் அது இருக்கிறது. அன்று துரைமார் கையில் இருந்த பொழுதுபோக்கு இன்று அடுப்படிவரை வந்திருக்கிறது. சந்தோஷம்தானே!

ஆனால் நாம் அதிகம் படம் பிடிப்பது யாரை? நம் குழந்தைகளை. அதனால் எந்தக் கேமரா என்ன செய்யும், அது தானாகச் செய்யும் அலங்காரத்தில் எது வேண்டும், எது வேண்டாம் என்று ஒரு தாய்க்குத் தெரிந்திருக்க வேண்டும். கட்டுரையின் பின்பகுதியில் குழந்தைகளின் கண்ணைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியிருக்கிறேன். அவசரத்தில் மற்றதைத் தாண்டினாலும் அதை மட்டும் படித்துவிடுங்கள்.

ஒரே குழந்தை, மூன்று கேமரா

எதிர் வீட்டுப் பெண்ணின் ஐந்து வயது மகளை மொட்டை மாடியில் நிற்க வைத்து, காலை ஒன்பது மணி வெயிலில், மூன்று கேமராவில் படம் பிடித்துப் பார்த்தோம்.

முதலாவது, எங்கள் அப்பாவின் ஆக்ஃபா கிளிக் 3. பரோடாவில் தயாராகி வந்த இந்தக் கேமரா ஒரு காலத்தில் நடுத்தரக் குடும்பத்துப் பரண்களில் எல்லாம் இருந்தது. ஒரு சுருளில் பன்னிரண்டு சதுரப் படம், அவ்வளவுதான். வெயிலா, மேகமா என்று ஒரு திருகு. வேறு கணக்கு கிடையாது. பக்கத்தில் போனால் முகம் கலங்கிவிடும், நாலைந்து எட்டு தள்ளி நின்றுதான் எடுக்க வேண்டும். ஊட்டியில் அரசாங்கத்தின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை 1967-ல் உற்பத்தி தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் பிலிம் கொடுத்தது. அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. ஆனாலும் வேறு கம்பெனி பிலிம் தேடினால் கிடைக்கிறது. கழுவித் தருகிற இடம்தான் குறைவு. படம் எப்படி வந்தது என்கிறீர்களா? கொஞ்சம் மிருதுவாக, தலை முதல் கால் வரை, குழந்தை குழந்தையாகவே வந்திருந்தாள்.

இரண்டாவது, என் நாத்தனார் மகனின் லென்ஸ் மாற்றுகிற கேமரா. வாங்கும்போதே கூட வரும் லென்ஸ் 18-55. அதோடு அவன் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றும் வைத்திருக்கிறான். "அத்தை, இது 1.8 லென்ஸ்!" என்று பெருமையாகச் சொன்னான். அந்த எண் என்ன தெரியுமா? லென்ஸின் வாய் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதன் கணக்கு. எண் சிறிதானால் வாய் பெரிது, வெளிச்சம் அதிகம், பின்னணி மங்கும். ஆனால் 1.8-ல் பக்கத்தில் நின்று எடுத்தால் ஒரு கண் பளிச்சென்றும், மறு கண்ணும் காதும் மங்கலாகவும் போய்விடும். ஓடி ஆடும் குழந்தைக்கு 2.8 அல்லது 4 வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: சாதாரண விலைக் கேமராக்களில் உள்ளே இருக்கும் சென்சார் சிறியது. அதில் 50 லென்ஸைப் போட்டால் தொலைவில் இருப்பதை இழுத்துக் காட்டுகிற மாதிரி ஆகிவிடும். நம் பத்துக்குப் பத்து ஹாலில் முதுகு சுவரில் முட்டும், குழந்தையின் கால் படத்தில் விழாது! வீட்டுக்குள் எடுக்க 35 லென்ஸே வசதி. கடையில் வாங்குவதற்கு முன் அந்த லென்ஸை மாட்டி, பத்தடி தூரத்தில் ஒருவரை நிறுத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள். லென்ஸ் விலை கையைக் கடிக்கும் சமாசாரம்.

மூன்றாவது, நம் எல்லோர் கையிலும் இருக்கும் போன். இதன் லென்ஸ் அகலமாகப் பார்க்கும் லென்ஸ். முகத்துக்கு நேராக நீட்டினால் பக்கத்தில் இருக்கும் மூக்கு பெரிசாகவும், தள்ளியிருக்கும் காது சின்னதாகவும் விழும். குழந்தைக்கு மூக்கு பெரிசு என்று மாமியார் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், அது தூரத்தின் வேலை! நாலைந்தடி பின்னால் போய் 2 என்று இருக்கும் எண்ணைத் தொட்டு எடுங்கள். முகம் சரியான அளவில் வரும்.

போனில் பின்னணியை மங்கலாக்கும் வசதி இருக்கிறதே, அது பெரும்பாலும் லென்ஸ் செய்வதல்ல. உள்ளே இருக்கும் கணக்கு, எது ஆள், எது சுவர் என்று ஊகித்து அழிக்கிறது. அந்த ஊகம் தப்புவதும் உண்டு. எங்கள் படத்தில் குழந்தையின் ஒரு ஜிமிக்கி பாதி கரைந்துவிட்டது. தலையில் வைத்த மல்லிகைச் சரத்தின் நுனியைக் காணோம்!

அதுவாவது போகட்டும். மூன்று படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, போன் படத்தில் மட்டும் குழந்தை இரண்டு பங்கு வெள்ளையாக இருந்தாள். கன்னத்தில் இருந்த சின்ன மச்சத்தையும் காணவில்லை.

உத்தரவு யாருடையது?

கேமராவுக்குள்ளேயே வித்தை செய்வது பழைய கலைதான். அந்தக் காலத்துப் பெட்டிக் கேமராக்கள் பலவற்றில் பிலிமைச் சுற்றாமலே இரண்டாம் முறை அழுத்தலாம். ஒரே படத்தில் ஒருவரே இரண்டு பேராக உட்கார்ந்திருப்பார். ஸ்டூடியோக்காரர்கள் இதை ரசித்துச் செய்தார்கள். 1940-ல் வந்த 'உத்தமபுத்திரன்' படத்தில் பி.யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்தாரே, நினைவிருக்கிறதா? கம்ப்யூட்டர் இல்லாத அந்தக் காலத்தில் இரட்டை வேடக் காட்சி என்றால், லென்ஸில் பாதியைக் கறுப்பாக மறைத்து ஒரு முறை எடுப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னால் சுற்றி, மறு பாதியை மறைத்து இன்னொரு முறை எடுப்பார்கள். கேமரா ஒரு மயிரிழை அசைந்தால் போச்சு!

இன்றைய கேமராக்கள் பலவற்றில் அந்த இரட்டைப் படம் எடுக்கும் வசதி இருக்கிறது. செய்து பாருங்கள், குழந்தைகளுக்கு ஒரே கும்மாளமாக இருக்கும். தீபாவளிக்குக் கேமராவை ஒரு ஸ்டூலில் வைத்து, ஷட்டரை இரண்டு மூன்று விநாடி திறந்திருக்கும்படி செய்து, கம்பி மத்தாப்பைச் சுழற்றச் சொல்லுங்கள். நெருப்புக் கோலமே விழும்.

இந்த வித்தைகளுக்கெல்லாம் நாம் உத்தரவு போட்டோம், கேமரா செய்தது. இப்போதோ நம்மைக் கேட்காமலே கேமரா பவுடர் பூசுகிறது. பல போன்களில் 'அழகு' செய்யும் வசதி வாங்கும்போதே திறந்துதான் இருக்கிறது. தோலை வழவழப்பாக்குவது, நிறத்தை வெளுப்பது, கண்ணைப் பெரிதாக்குவது எல்லாம் அதன் வேலை.

மாநிறமும் கறுப்பும் படத்தில் ஒழுங்காக விழாதது இன்று நேற்றுச் சங்கதியும் அல்ல. பிலிம் காலத்தில் கோடாக் கம்பெனி, நிறம் சரிபார்க்க லேபுகளுக்கு ஒரு அட்டை கொடுத்தது. அதற்கு 'ஷெர்லி அட்டை' என்று பெயர். அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. வேடிக்கை என்னவென்றால், பழுப்பு நிறங்கள் சரியாக விழவில்லை என்று கோடாக்கிடம் முறையிட்டவர்களில் மரச் சாமான் விற்பவர்களும் சாக்லேட் விற்பவர்களும் உண்டு! 1990களில்தான் பல நிறப் பெண்கள் சேர்ந்த அட்டை வந்தது. 2021-ல் கூகிள் கம்பெனி, எல்லா நிறத் தோலும் உள்ளபடி விழுவதற்கென்றே தன் போன் கேமராவில் ஏற்பாடு செய்து, அதை விளம்பரமும் செய்தது. அப்படியானால் அதுவரை நிலைமை எப்படி என்று நீங்களே யோசியுங்கள்.

எங்கள் மாடியில் அந்தக் குழந்தை போனைப் பார்த்துவிட்டு என்ன கேட்டாள் தெரியுமா? "அம்மா, இதுல நான் வெள்ளையா அழகா இருக்கேன். நிஜத்துல ஏம்மா இல்லே?"

அவள் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நிஜத்துலதாண்டி கண்ணே நீ அழகு, இது போன் போட்ட பவுடர்" என்று அள்ளிக்கொண்டாள். அன்றே அந்த வசதியை மூடியும் விட்டாள்.

நீங்களும் உங்கள் போனில் கேமராவைத் திறந்து, அழகு, முகம், பில்டர் என்று எது இருந்தாலும் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். முன்பக்கக் கேமரா, பின்பக்கக் கேமரா இரண்டிலும் பார்க்க வேண்டும். விசேஷத்துக்கு அலங்காரப் படம் வேண்டுமானால், முதலில் உள்ளபடி ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் நகலில் அலங்காரம் செய்யுங்கள். லென்ஸ் கேமரா வைத்திருப்பவர்கள் 'ரா' என்ற வகையிலும் சேர்த்துப் பதிவு செய்தால், கேமரா கொடுக்கும் நிறம் பிடிக்காவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

சிவப்புக் கண், வெள்ளைக் கண்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மங்கிய வெளிச்சத்தில் ஃபிளாஷ் போட்டு எடுத்தால் கண்மணி சிவப்பாகத் தெரிகிறதல்லவா? ஃபிளாஷ் வெளிச்சம் விரிந்திருக்கும் கண்மணி வழியாக உள்ளே போய், பின்புறம் ரத்தம் நிறைந்த பகுதியில் பட்டுத் திரும்புவதால் வரும் சிவப்பு அது. நம் ஊர்க் குழந்தைகளுக்கு ஆரஞ்சும் பழுப்பும் கலந்தும் தெரியலாம். அதில் பயம் ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு கண் சிவப்பாகவும், மறு கண் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பூனைக் கண் மாதிரியும் பளபளத்தால் அலட்சியம் செய்யக்கூடாது. பிறவிக் கண்புரையாக இருக்கலாம், மாறுகண்ணாக இருக்கலாம், பார்வைக் குறைவாக இருக்கலாம். அரிதாக, ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள் வருகிற நோய் இது. சீக்கிரம் கண்டுபிடித்தால் உயிரையும் காக்கலாம், பல குழந்தைகளுக்குப் பார்வையையும் காக்கலாம். தாமதித்தால் கண்ணை எடுக்க வேண்டி வரும், உயிருக்கே ஆபத்தாகவும் முடியும். நம் நாட்டில் பல குழந்தைகள் முற்றிய பிறகே வருகிறார்கள் என்பது கண் டாக்டர்களின் வருத்தம்.

அமெரிக்காவில் பேலர் பல்கலைக்கழகத்தில் ரசாயனப் பேராசிரியரான பிரையன் ஷா என்பவரின் மகனுக்கு, கைக்குழந்தையாக இருந்தபோது 2008-ல் இந்த நோய் என்று தெரிந்தது. பிறகு அவர் வீட்டில் எடுத்த படங்களை எல்லாம் ஒவ்வொன்றாக அலசினார். குழந்தை பிறந்த பன்னிரண்டாம் நாள் எடுத்த படத்திலேயே வெள்ளைக் கண் விழுந்திருந்தது! அந்த வேதனையில் பிறந்ததுதான் படத்தில் வெள்ளைக் கண்ணைத் தேடும் போன் செயலி ஒன்று. 2019-ல் அதைப் பற்றி வெளியான ஆராய்ச்சியில், கண்ணில் கோளாறு இருந்த 20 குழந்தைகளில் 16 பேருக்கு, டாக்டர் கண்டுபிடிப்பதற்கு முன்பு எடுத்த குடும்பப் படங்களிலேயே அடையாளம் கிடைத்தது. சராசரியாக ஒரு வருஷத்துக்கு மேல் முன்னதாக!

இங்கேதான் கேமராவின் பவுடர் குறுக்கே வருகிறது. 'ரெட் ஐ' குறைக்கும் வசதி என்று பல கேமராக்களில் உண்டு. படத்துக்கு முன்பே ஒரு வெளிச்சம் அடித்துக் கண்மணியைச் சுருக்குவது ஒரு வகை. விழுந்த சிவப்பை அழித்துக் கறுப்பாக்குவது இன்னொரு வகை. படம் அழகாகிவிடும், கண் காட்ட வேண்டிய அடையாளமும் அதோடு மறைந்துபோகலாம். அதனால் குழந்தைகளைப் படம் எடுக்கும்போது இந்த வசதியை மூடி வையுங்கள்.

உடனே பதறவும் வேண்டாம். குழந்தை பக்கவாட்டில் பார்க்கும்போது ஃபிளாஷ் உள்ளே இருக்கும் கண் நரம்பின் முனையில் பட்டாலும் வெள்ளையாகத் தெரிவதுண்டு. ஆனால் அதுவா இதுவா என்று நாம் தீர்மானிக்கக்கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு படத்தில் தெரிந்தாலும் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போய்க் காட்டிவிடுங்கள். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நூம்பலில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் சங்கர நேத்ராலயா. எழும்பூரில் 1819-ல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை.

"ஃபிளாஷ் பட்டால் குழந்தைக்குக் கண் போய்விடும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சாதாரண ஃபிளாஷினால் கெடுதல் இல்லை என்பதே டாக்டர்கள் கருத்து. அதற்காக முகத்துக்கு நேரே பத்துத் தரம் அடித்துக் குழந்தையை அழவிட வேண்டாம்.

சில குறிப்புகள்

* புதுக் கேமரா வாங்கும் முன், கையில் இருக்கும் போனில் ஜன்னலோரம் குழந்தையை உட்கார வைத்து எடுத்துப் பாருங்கள். நல்ல வெளிச்சத்துக்குக் காசு இல்லை.

* குழந்தையின் கண் மட்டத்துக்கு நீங்கள் குனியுங்கள்.

* லென்ஸைப் புடவைத் தலைப்பால் துடைக்காதீர்கள். தூசி கீறிவிடும். முதலில் ஊதும் பல்பால் தூசியைத் தட்டி, பிறகு மெல்லிய லென்ஸ் துணியால் துடைக்கலாம்.

* பழைய படங்களை ஒரு நாள் மத்தியானம் உட்கார்ந்து புரட்டுங்கள். இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள்.

* படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் கண் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. தடுப்பூசிக்குப் போகும்போது குழந்தையின் கண்ணையும் வெளிச்சம் அடித்துப் பார்க்கும்படி டாக்டரிடம் கேளுங்கள்.

எவ்வளவு விலை கொடுத்து லென்ஸ் வாங்கினாலும், மச்சமும் மாநிறமும் உள்ளபடி விழுந்த படம்தான் பிற்காலத்தில் 'இது நம்ம பொண்ணு' என்று சொல்ல வைக்கும். அடுத்த இதழில், மழைக்காலத்தில் ஆல்பமும் லென்ஸும் பூஞ்சை பிடிக்காமல் காப்பது எப்படி என்று எழுதுகிறேன்.