ரேஸ் குதிரைன்னு சொல்றீங்க, சரி... குதிரையைத் தெரியுமா?



பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. இனி ஆறு மாசத்துக்கு நம்ம காதுல திரும்பத் திரும்ப விழப்போறது ஒரு வாக்கியம்: "ரேஸ் குதிரை மாதிரி ஓடணும்." செமினார் ஹால்ல மைக் பிடிச்ச டிரெய்னர் சொல்வார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல மாமா ஒருத்தர் சூரிய உதயப் படத்தோட அனுப்புவார். "பக்கத்துல பாக்காத, கடிவாளம் போட்ட குதிரை மாதிரி நேராப் போ"ன்னு கல்யாண வீட்டுப் பந்தியில கூட யாராவது அட்வைஸ் பண்ணுவாங்க. நாமளும் தலையாட்டிட்டு அடுத்த மாக் டெஸ்டுக்குப் போயிடுவோம்.

நான் மண்டைக்காட்டுக்காரன். எங்க ஊர்ல கடல் உண்டு, பகவதி அம்மன் கோவில் உண்டு, மாசிக் கொடைக்கு நிக்க இடமில்லாத கூட்டம் உண்டு. ரேஸ் கோர்ஸ் மட்டும் கிடையாது. அதனால ரேஸ் குதிரையைப் பத்தி நான் தெரிஞ்சுக்கிட்டது எல்லாம் படிச்சுத்தான். படிக்கப் படிக்க எனக்குத் தோணினது இதுதான்: இந்த உவமையைச் சொல்றவங்க ஜெயிச்ச குதிரையோட போட்டோவை மட்டும்தான் பார்த்திருக்காங்க. குதிரைக்கு ரேஸ் கோர்ஸ்ல கிடைக்கிற சில நியாயங்கள் நமக்குக் கிடைக்கறதில்ல. குதிரைக்குக் கிடைக்கவே கிடைக்காத ஒண்ணு நமக்கு இருக்கு. ரெண்டையும் சேர்த்துப் பேசினாத்தான் உவமை முழுசாகும்.

ஒரு குதிரையோட கதையைச் சொல்றேன். பேரு விண்ட்சர் லேட். பிறந்தது 1931-ல். அப்பா பிளாண்ட்ஃபோர்ட், அம்மா ரெஸ்ப்ளெண்டன்ட், ரெண்டுமே குதிரை உலகத்துல பெரிய பேரு. ஒரு வயசுக் குட்டியா இருந்தப்போ ஏலத்துக்கு வந்துது. அதை 1,300 கினிக்கு வாங்கினது ஒரு இந்தியர், ராஜ்பிப்லா மகாராஜா விஜயசிங்ஜி. ராஜ்பிப்லா எங்க இருக்குன்னு கேட்டா, இப்போ படேல் சிலை நிக்கிற குஜராத் நர்மதா மாவட்டத்துல இருக்கு. இங்கிலாந்துல அவருக்கு விண்ட்சர் பக்கம் ஒரு வீடு இருந்துது.

1933-ல் இங்கிலாந்துக் குதிரைப் பிரியர்கள் எல்லாரும் பேசினது வேற ஒரு குதிரையைப் பத்தி. அதோட பேரு கொலம்போ! ரெண்டு வயசுல ஓடின ஏழு பந்தயத்திலேயும் ஜெயிச்சு, அடுத்த வருஷம் 2000 கினீஸ் பந்தயத்தையும் ஜெயிச்சுட்டு, தோல்வியே தெரியாம எப்சம் டெர்பிக்கு வந்துது. 1934 ஜூன் 6-ம் தேதி டெர்பி. பணம் கட்டினவங்க பெரும்பாலும் கொலம்போ மேலதான் கட்டினாங்க. ஜெயிச்சது விண்ட்சர் லேட். ஈஸ்டன் ரெண்டாவது, கொலம்போ மூணாவது. ஒன்றரை மைல், 2 நிமிஷம் 34 வினாடி. முந்தின வருஷம் ஹைபீரியன் வச்ச டெர்பி சாதனைக்குச் சமமான நேரம்.

அது மேல உட்கார்ந்திருந்த ஜாக்கி சார்லி ஸ்மர்க். அவர் கதையை அரியர் வச்சிருக்கிற நண்பர்கள் கவனிச்சுப் படிக்கணும். 1928-ல் அவர் ஓட்டின ஒரு குதிரை பந்தயம் தொடங்கும்போது நகராம நின்னுடுச்சு. வேணும்னே ஓட்டலைன்னு சொல்லி ஸ்மர்க்குக்கு 5 வருஷம் தடை போட்டாங்க. ஒரு ஜாக்கிக்கு அஞ்சு வருஷம்னா கிட்டத்தட்ட வாழ்க்கையே முடிஞ்ச மாதிரி. தடை முடிஞ்சு வந்து ஒரு வருஷம் ஆகறதுக்குள்ள டெர்பி ஜெயிச்சார். "ஹிஸ்டரி ஆஃப் அரியர் இருந்தா உட்காரக் கூடாது"ன்னு ஒரு விதி அங்க இருந்திருந்தா விண்ட்சர் லேட் மேல வேற யாரோதான் உட்கார்ந்திருப்பாங்க.

அந்தக் கோடையிலேயே குதிரை கை மாறிடுச்சு. மார்ட்டின் பென்சன்ங்கிற பந்தயத் தரகர் 50,000 பவுண்டுக்கு வாங்கினார். வாங்கின விலையைவிட ஏறத்தாழ 36 மடங்கு. புது ஓனருக்காக செப்டம்பர்ல செயின்ட் லெஜர் ஜெயிச்சுது. 1935-ல் கொரோனேஷன் கப், எக்லிப்ஸ் ரெண்டும் ஜெயிச்சுது. மொத்தம் 13 பந்தயம், 10 வெற்றி. டெர்பிக்கு அப்புறம் தோத்தது ஒரே ஒரு தடவை. நாலு வயசுல ரிட்டயர்மென்ட்.

இதுவரைக்கும்தான் மோட்டிவேஷன் ஸ்பீச்சுக்கு உதவும். நான் பேச வந்தது இதுக்கு முன்னாடியும் பின்னாடியும் உள்ள விஷயம்.

முதல்ல, எடை. டெர்பி மாதிரிப் பந்தயங்கள்ல எல்லாரும் ஏறக்குறைய ஒரே எடையைச் சுமந்து ஓடுவாங்க, பெண் குதிரைக்குக் கொஞ்சம் சலுகை உண்டு. ஆனா ஹேண்டிகேப்னு இன்னொரு வகைப் பந்தயம் இருக்கு. அதுல நல்ல குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைஞ்ச எடை. சேணத்துக்கு அடியில ஈயத் தகடு வச்சு எடையைச் சரி பண்ணுவாங்க. ஜாக்கி பந்தயத்துக்கு முன்னாடியும் தராசுல ஏறணும், முடிஞ்ச பிறகும் ஏறணும். நியூசிலாந்துல பிறந்து ஆஸ்திரேலியாவுல ஓடின ஃபார் லாப் 1930 மெல்போர்ன் கப்பை 62.5 கிலோ சுமந்து ஜெயிச்சுது. அடுத்த வருஷம் அது முதுகுல 68 கிலோ ஏத்தினாங்க. எட்டாவதா வந்துது. யாரும் "இதுக்கு டெடிகேஷன் போயிடுச்சு"ன்னு சொல்லல. எடை ஓட்டத்தை மாத்தும்னு ரேஸ் கோர்ஸ்ல எல்லாருக்கும் தெரியும்.

நம்ம பக்கம் வாங்க. நம்ம முதுகுல உள்ள எடையை யாராவது தராசுல வச்சிருக்காங்களா? ஒருத்தனுக்கு வீட்டுல தனி ரூம், வைஃபை, தனியா கோடிங் கிளாஸ். இன்னொருத்திக்கு விடியக்காலையில குளச்சல் பக்கமிருந்து மணவாளக்குறிச்சி வழியா நின்னுகிட்டே ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், சாயங்காலம் அதே மாதிரி திரும்ப. கடல் கொந்தளிச்சா வீட்டுல அந்த வாரம் வருமானம் இல்ல. கல்விக் கடன் அவ பேர்ல. ரெண்டு பேருக்கும் ஒரே ஆப்டிடியூட் டெஸ்ட், ஒரே 60 நிமிஷம். ரேஸ் கோர்ஸ்ல பலசாலி மேலதான் ஈயத்தை ஏத்துவாங்க. இங்க அப்படியே தலைகீழ்.

என்னையே எடுத்துக்கோங்க. நான் இங்கிலீஷ் மீடியம். குரூப் டிஸ்கஷன்ல முதல் வாக்கியத்தை நான் டக்குனு ஆரம்பிக்கிறதுக்குக் காரணம் அறிவு இல்ல, பள்ளிக்கூடத்துல வந்த பழக்கம். எனக்குப் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற தமிழ் மீடியம் நண்பனுக்குப் பதில் எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும். அதை அவன் மனசுக்குள்ள மொழிபெயர்த்து முடிக்கறதுக்குள்ள டாபிக் அடுத்த ஆளுக்குப் போயிடும். அவன் சேணத்துல இருக்கிற தகடு என் சேணத்துல இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்.

ரெண்டாவது, தூரம். ஒரு மைல் ஓடுற குதிரை வேற, ஒன்றே முக்கால் மைல் ஓடுற குதிரை வேற. வேகமா ஓடி சீக்கிரம் களைக்கிற குதிரையை செயின்ட் லெஜர்ல விட்டா அது டிரெய்னரோட தப்பு, குதிரையோட தப்பு இல்ல. நம்ம கேம்பஸ்ல சிவில், மெக்கானிக்கல், டிரிபிள்ஈ, பயோடெக் எல்லாருக்கும் ஒரே பந்தயம், ஒரே தூரம்: மூணு மாசத்துல கோடிங். கான்கிரீட் மிக்ஸ் டிசைன்ல லேபையே அசத்தின பொண்ணு அதுல தோத்தா "ஸ்லோ லேர்னர்". தப்பான தூரத்துல ஓட விட்டது யாருன்னு கேட்கறதுக்கு ஆளில்ல.

மூணாவது, அந்தக் கடிவாளம். கடிவாளம்னா வாயில மாட்டி, திருப்பவும் நிறுத்தவும் பிடிக்கிற வார். பக்கத்தைப் பார்க்க விடாம மறைக்கிறது கண்பட்டை. குதிரையோட கண்கள் தலைக்கு ரெண்டு பக்கமும் இருக்கறதால, ஒரே இடத்துல நின்னுகிட்டே கிட்டத்தட்ட தன்னைச் சுத்தி முழுசையும் அதால பார்க்க முடியும். கண்பட்டையை எல்லாக் குதிரைக்கும் மாட்டுறதில்ல. கவனம் சிதறுற சில குதிரைக்கு மட்டும், அதுவும் சரிப்பட்டு வருதான்னு பார்த்துத்தான் மாட்டுவாங்க. பல சாம்பியன்கள் கண்பட்டை இல்லாம, பக்கத்துல ஓடுறவனைப் பார்த்துக்கிட்டேதான் ஜெயிச்சிருக்கு. "பக்கத்துல பாக்காத"ங்கிறது ரேஸ் கோர்ஸ்லயே பொது விதி கிடையாது. அப்புறம் ஏன் நம்ம எல்லாருக்கும் அதை மாட்டுறாங்க? பக்கத்துல பார்த்தா, நண்பன் முதுகுல இருக்கிற எடை தெரிஞ்சிடும். அதுதான் காரணமோன்னு எனக்குச் சந்தேகம்.

சரி, குதிரைக்கு இல்லாதது என்ன? விண்ட்சர் லேட் 50,000 பவுண்டுக்குப் போன அன்னைக்கு அது கிட்ட யாரும் கேட்கல. அந்தப் பணத்துல ஒரு பைசா அதுக்குக் கிடையாது. முந்தின நாள் தின்ன அதே ஓட்ஸ்தான் மறுநாளும். ஓட்டம் முடிஞ்சதும் குட்டி ஈன்ற வைக்க நியூமார்க்கெட்ல பென்சனோட பண்ணைக்கு அனுப்பினாங்க. அங்க அதுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு, சைனஸ் தொந்தரவு. எதிர்பார்த்த அளவுக்குக் குட்டிகள் சோபிக்கல. 1938-ல் அதே பென்சன் நியர்கோங்கிற புது சாம்பியனை 60,000 பவுண்டுக்கு வாங்கி அதே பண்ணைக்குக் கொண்டுவந்தார். இன்னைக்கு உலகத்துல ஓடுற பெரும்பாலான ரேஸ் குதிரைகளோட தந்தைவழி நியர்கோகிட்டதான் போய் நிக்கும். விண்ட்சர் லேடோட மகன் விண்ட்சர் ஸ்லிப்பர் 1942-ல் அயர்லாந்தோட டிரிபிள் கிரவுன் ஜெயிச்சான். அடுத்த வருஷம் அப்பனைக் கருணைக்கொலை பண்ணிட்டாங்க. வயசு 12.

ஃபார் லாப்புக்கு நடந்தது இன்னும் மோசம். 1932-ல் அமெரிக்காவுல திடீர்னு செத்துப்போச்சு. தோல் மெல்போர்ன் மியூசியத்துல, இதயம் கான்பெராவுல, எலும்புக்கூடு நியூசிலாந்துல வெல்லிங்டன்ல. மூணு ஊரும் "எங்க குதிரை"ன்னு பெருமைப்படுது.

நம்ம ஊர்லயும் இதே கதைதான். கிண்டியில 1777-லிருந்து குதிரைப் பந்தயம் நடந்துது. 2024 செப்டம்பர்ல தமிழ்நாடு அரசு குத்தகையை ரத்து பண்ணி நிலத்தை எடுத்துக்கிச்சு. 160 ஏக்கர், 99 வருஷக் குத்தகை, 730 கோடி வாடகை பாக்கின்னு நாம படிச்சோம். நகரத்துக்கு நடுவுல அவ்வளவு நிலம் ஒரு கிளப் கையில இருக்கறதைவிட மக்களுக்குப் பூங்காவா, குளமா இருக்கறது நல்லதுன்னுதான் நானும் நினைக்கிறேன். ஆனா அந்த விவாதம் முழுக்க நம்பர்தான். தினமும் விடியறதுக்கு முன்னாடி எழுந்து லாயம் கழுவி, குதிரையைக் குளிப்பாட்டி, நடத்திக் கூட்டிட்டுப் போன குதிரைக்காரங்க என்ன ஆவாங்க, குதிரைங்க எங்க போகும்னு கேட்ட குரல் ரொம்பக் கம்மி.

இப்போ நம்ம பிளேஸ்மென்ட் போஸ்டரைப் பாருங்க. போட்டோ, பேரு, கீழ பெருசா "12 எல்பிஏ". ஏல கேட்டலாக்ல குதிரைக்குட்டிக்கு அப்பா பேரு, அம்மா பேரு போடுவாங்க, நமக்கு சிஜிபிஏ போடுறோம். விலை மட்டும் ஏலத்துக்கு அப்புறம் ஒட்டுறோம். அந்த 12-ல கையில வர்றது எவ்வளவு, பாண்ட் எத்தனை வருஷம், வேலை என்னன்னு போஸ்டர்ல இருக்காது. போஸ்டர்ல வராத 200 பேர் பேரும் இருக்காது.

ஆனா குதிரைக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம். குதிரையால ஏலத்துல "எனக்கு இந்த ஓனர் வேண்டாம்"னு சொல்ல முடியாது. நமக்கு வாய் இருக்கு. அதை வச்சுச் செய்யக்கூடியதா எனக்குத் தெரிஞ்ச மூணு விஷயத்தைச் சொல்றேன்.

ஒண்ணு: ஆஃபர் லெட்டர்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி பாண்டை முழுசாப் படிங்க, புரியலைன்னா கேளுங்க. கேட்டா வேலை போயிடும்னு பயமுறுத்தினா, அந்த லாயத்தைப் பத்தி உங்களுக்கு ஒரு தகவல் கிடைச்சாச்சு.

ரெண்டு: ஆங்கிலம் சரளமா வர்றவங்க வாரத்துல ரெண்டு சாயங்காலம் உட்கார்ந்து நண்பர்களோட மாக் ஜிடி நடத்துங்க. முதல் ரவுண்டு தமிழ்ல, அடுத்தது அதே டாபிக் ஆங்கிலத்துல. யார்கிட்ட விஷயம் இருக்குன்னு முதல் ரவுண்டுலயே தெரிஞ்சிடும். தகட்டை நம்மளால ஒரே நாள்ல எடுக்க முடியாது, ஒவ்வொண்ணாக் கழட்டலாம்.

மூணு: கோர் கம்பெனி, கேட், டிஎன்பிஎஸ்சி, மேற்படிப்புன்னு வேற தூரம் ஓட நினைக்கிறவங்க சேர்ந்து, தனித்தனி டிரெய்னிங் வேணும்னு பிளேஸ்மென்ட் செல்லுக்கு எழுதிக் கொடுங்க. தனி ஆளாக் கேட்டா "பாக்கலாம்பா". நாப்பது கையெழுத்தோட போனா உட்கார வச்சுப் பேசுவாங்க.

அடுத்த தடவை மேடையில யாராவது "ரேஸ் குதிரை மாதிரி ஓடணும்"னு சொன்னா கை தட்டறதுக்கு முன்னாடி எழுந்து மரியாதையா ஒரே ஒரு கேள்வி கேளுங்க மக்கா: "சார், எத்தனை கிலோ சுமந்துகிட்டு?"