இஞ்சு டேப்பும் பதினாறு கையெழுத்தும்

“நாலு பெண்கள் சேர்ந்தால் வம்புதான்” என்று கேட்டுக் கேட்டு, அது உண்மைதானோ என்று நமக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. ஆனால் சகோதரிகளே, சேர்ந்து பேசாமல் இருப்பதால் பெண்களுக்கு எவ்வளவு நஷ்டம் என்று யாராவது கணக்குப் பார்த்திருக்கிறார்களா? அமெரிக்காவில் ஒரு பேராசிரியை பார்த்தார். அதுவும் இஞ்சு டேப்பை வைத்து!

என் நாத்தனார் மகள் அங்கே ஒரு கல்லூரி ஆபீஸில் வேலை பார்க்கிறாள். “மாமி, எங்கள் காலேஜில் வேலை செய்யும் தாய்மார்களுக்கு என்று ஒரு குழு இருக்கிறது. மாதம் ஒரு தடவை மதியச் சாப்பாட்டு வேளையில் கூடுவோம்” என்று டெலிபோனில் சொன்னாள். பேராசிரியை, டைப் அடிக்கிறவள், நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவள் எல்லோரும் ஒரே மேஜையில்தானாம். இது தொழிற்சங்கம் அல்ல. சம்பளப் பேரம் பேசுவதில்லை. ஒரே மாதிரி நிலைமையில் இருக்கிறவர்கள் கலந்து பேசி, பொதுவான குறை இருந்தால் நிர்வாகத்தின் காதில் போடுவார்கள். அவ்வளவுதான். தாய்மார்களுக்கு மட்டுமல்ல, கறுப்பின ஊழியர்கள், முன்னாள் ராணுவத்தினர், உடல் ஊனமுற்றோர் என்று பலருக்கும் இப்படிக் குழுக்கள் உண்டு. ஜெராக்ஸ் கம்பெனியில் 1970-ல் கறுப்பின ஊழியர்கள் சேர்ந்து அமைத்ததைத்தான் இவற்றுக்கெல்லாம் முன்னோடி என்கிறார்கள்.

“சாப்பிட்டுப் பேசுவதால் என்ன ஆகிவிடும்?” என்று கேட்பீர்கள். அதற்குத்தான் அந்த இஞ்சு டேப் கதை. கட்டுக்கதை அல்ல, நடந்தது.

பாஸ்டனுக்குப் பக்கத்தில் கேம்பிரிட்ஜ் என்ற ஊரில் எம்.ஐ.டி. என்ற பெயர் பெற்ற கல்வி நிறுவனம் இருக்கிறது. நான்ஸி ஹாப்கின்ஸ் அங்கே உயிரியல் பேராசிரியை. வரிக்குதிரை மீன் என்று கோடு போட்ட சின்ன மீன் ஒன்று உண்டு. அதை வைத்து ஆராய்ச்சி. மீன் தொட்டிகள் வைக்க இன்னும் 200 சதுர அடி இடம் கேட்டார். கிடைக்கவில்லை. “உங்களுக்கு இருப்பதே போதும்” என்கிற தோரணை. அழுதுகொண்டு உட்காரவில்லை அந்த அம்மாள். இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு, ஆராய்ச்சிக்கூடங்களில் யாருக்கு எவ்வளவு இடம் என்று தாமே தரையில் மண்டியிட்டு அளந்தார். இவருக்கு 1,500 சதுர அடி; அதே அந்தஸ்தில் இருந்த ஆண்களுக்குச் சராசரி 3,000!

அந்தக் குறையோடு வேறு சில குறைகளும் சேரவே, 1994-ல் நிறுவனத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அனுப்புவதற்கு முன் மேரி-லூ பார்டு என்ற மூத்த பேராசிரியையிடம் காட்டினார். ‘இவள் திறமைக் குறைவுக்குச் சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிடுவாரோ’ என்று உள்ளுக்குள் உதைப்புத்தான். படித்து முடித்த அவரோ, “நானும் இதில் கையெழுத்துப் போடுகிறேன்” என்றாராம்.

இருவரும் ஒரே இடத்தில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர்கள். ஒருவர் மனசில் இருந்தது மற்றவருக்குத் தெரியாது. ‘நமக்கு மட்டும்தான் இப்படி, நம்மிடம்தான் ஏதோ குறை’ என்று ஒவ்வொருத்தியும் தனித்தனியே நினைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த இடம்தான் சுருக்கென்று தைத்தது.

பிறகு எண்ணிப் பார்த்தார்கள். அங்கே விஞ்ஞானப் பிரிவில் நிரந்தரப் பதவியில் இருந்த பெண்கள் வெறும் 15 பேர். ஆண்கள் 190-க்கும் மேல். பொறியியல் பிரிவிலிருந்து இருவரைச் சேர்த்து 17 பேர். அதில் 16 பேர் கையெழுத்துப் போட்டார்கள். டீனாக இருந்த ராபர்ட் பர்ஜனோ அலட்சியம் செய்யவில்லை. கணக்குகளைப் பார்க்க ஒரு கமிட்டி அமைய வழி செய்தார். துறைத் தலைவர்களாக இருந்த ஆண்கள் சிலரும் அதில் இருந்தார்கள். சம்பளம், இடம், பரிசு, பொறுப்பு எல்லாவற்றிலும் வித்தியாசம் இருந்தது தெரிந்தது. பலருக்குச் சம்பளமும் இடமும் சரிசெய்யப்பட்டன. 1999-ல் அறிக்கை வெளியானபோது, ‘இது பாதி உண்மை, பாதி மனப்பிரமை என்று நினைத்திருந்தேன், உண்மைதான் மிகப் பெரிய பங்கு என்று இப்போது புரிகிறது’ என்ற பொருள்பட நிறுவனத் தலைவர் சார்லஸ் வெஸ்ட்டே எழுதினார்.

அந்த அறிக்கையில் இன்னொரு விஷயம் உண்டு. புதிதாக வேலைக்கு வந்த இளம் பேராசிரியைகள், “எங்களுக்கு ஒரு பாகுபாடும் இல்லை; குழந்தையையும் வேலையையும் எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்பதுதான் கவலை” என்றார்கள். மூத்தவர்களோ, “உங்கள் வயதில் நாங்களும் அப்படித்தான் சொன்னோம்” என்றார்கள். வயது வித்தியாசமில்லாமல் உட்கார்ந்து பேசினால் அல்லவா இது தெரியும்?

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘ஒரு பிரிவுக்கு மட்டும் தனிக் குழு எதற்கு?’ என்ற ஆட்சேபம் அங்கே பலமாகவே இருக்கிறது. டெக்சாஸ் மாநிலத்தில் 2024 ஜனவரியில் அமலுக்கு வந்த ஒரு சட்டத்தால், அரசுப் பல்கலைக்கழகங்களில் இத்தகைய பணிகளுக்கான அலுவலகங்கள் மூடப்பட்டன. அந்த ஆட்சேபத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் அடுத்தவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். என் நாத்தனார் மகளின் குழுவில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாமாம். மனைவியை இழந்து தனியாகக் குழந்தை வளர்க்கும் ஒரு குமாஸ்தாவும் தவறாமல் வருகிறாராம். நல்ல வழக்கம்தானே?

இன்னொரு சங்கடமும் உண்டு. பேராசிரியை ஒரு மணி நேரம் எழுந்து வந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவளும் கூட்டிப் பெருக்குகிறவளும் மேலாளர் விட்டால்தான் வர முடியும். அவர்கள் வராத கூட்டம் அரைக் கூட்டம்தான்.

உத்தியோகம் பார்க்காத நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். காலனியில் தண்ணீர் வராதது, குழந்தையின் பள்ளி வேன் தாமதம், இரவெல்லாம் கண்விழித்து வரும் முதுகுவலி எல்லாமே ‘எனக்கு மட்டும்தான்’ என்று நாம் விழுங்கிக்கொள்கிறவைதானே? நான் அந்த அம்மாளிடமிருந்து எடுத்துக்கொண்டது இதுதான்:

முதலில் அளந்து பாருங்கள். எத்தனை நாள், எத்தனை மணி என்று ஒரு நோட்டில் குறியுங்கள். புலம்பலுக்குப் பதில் சொல்லலாம், கணக்குக்கு முடியாது. பிறகு நம்பிக்கையான ஒருத்தியிடம் காட்டுங்கள். அவளும் ‘எனக்கும்தான்’ என்றால் மூன்றாவது வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கேட்க வேண்டியவரிடம் மரியாதையாக, எழுத்தில், எல்லோருமாகக் கேளுங்கள். வீட்டு ஆண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பகையாக்க வேண்டாம்.

தையல் பெட்டியில் இஞ்சு டேப் இல்லாத வீடு உண்டா, சொல்லுங்கள்? ரவிக்கைக்கு மட்டும்தான் அது என்று யார் சொன்னது?