ஒழுங்கின்மைதானா என்ட்ரோபி?

“என்ட்ரோபி என்பது ஒழுங்கின்மையின் அளவு.” இந்த ஒரு வரி இல்லாத விடைத்தாளை நம் இயற்பியல் துறையிலோ வேதியியல் துறையிலோ காண்பது அரிது. நானும் எழுதியிருக்கிறேன், மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறேன். ஆனால் அந்த வரி நம்மை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதைச் சென்ற பருவத்தில் நடந்த மன்றக் கூட்டம் ஒன்றில்தான் உணர்ந்தேன். விலங்கியல் நண்பர் ஒருவர் பரிணாமத்தைப் பற்றிப் பேசி அமர்ந்ததும், பின்வரிசையிலிருந்து வரலாற்றுத் துறை மாணவர் ஒருவர் எழுந்தார். “ஒழுங்கின்மை பெருகிக்கொண்டே போகும் என்பது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி என்கிறீர்கள். அப்படியானால் ஒற்றைச் செல் உயிரியிலிருந்து யானை எப்படி வந்தது?” என்றார். அங்கிருந்த இயற்பியல் மாணவர்கள் அத்தனை பேரும் தலை குனிந்திருந்தோம். அவர் கேட்டதில் குற்றமில்லை. நாங்கள் தேர்வில் எழுதும் வரியைத்தான் எங்களிடமே திருப்பித் தந்தார்.

அந்த வரியை நம் வகுப்பறைகளிலிருந்து விலக்கிவிட வேண்டும் என்பதே என் கருத்து. ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும்.

1865-இல் கிளாசியஸ் இச்சொல்லைப் படைத்தபோது ஒழுங்கைப் பற்றியோ ஒழுங்கின்மையைப் பற்றியோ அவர் பேசவில்லை. வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்தார்; அவ்வளவே. ஒரு கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல் வெப்பம் வேண்டும். உருகும் வெப்பநிலை 273 கெல்வின். வகுத்தால் கெல்வினுக்கு 1.22 ஜூல். இதுவே அப்பனிக்கட்டி நீராகும்போது பெறும் என்ட்ரோபி. பின்னர் 1877-இல் போல்ட்ஸ்மன் இந்த வகுத்தலுக்குப் பொருள் கண்டார். வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் ஒரு பொருளுக்குள் மூலக்கூறுகள் எத்தனை விதங்களில் அமையக்கூடும் என்று எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கையின் மடக்கைதான் என்ட்ரோபி. வியன்னாவிலுள்ள அவரது கல்லறையில் இந்தச் சமன்பாட்டையே பொறித்திருக்கிறார்கள்.

ஆகவே, எண்ணுவதே இதன் உயிர். “ஆரம்ப மாணவனுக்கு ஏதேனும் ஓர் உவமை வேண்டாமா?” என்று கேட்கலாம். உவமை எதற்கு? ஒரு ரப்பர் பேண்டு போதும். அதை உதட்டருகே வைத்துச் சட்டென்று இழுத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். சற்றுப் பொறுத்துத் தளர்த்துங்கள், குளிரும். எடை கட்டித் தொங்கவிட்டு வெந்நீர் ஊற்றினால் ரப்பர் நீளாது, சுருங்கும்! இழுத்த நிலையில் அதன் நீண்ட மூலக்கூறுகள் நேராக நின்றாக வேண்டும். அதற்கு வழிகள் சில. சுருண்டு கிடப்பதற்கோ வழிகள் கோடி கோடி. ரப்பர் நம் விரலை இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த எண்ணிக்கை வேறுபாடே.

இங்கே ஒழுங்கின்மை என்று சொன்னாலும் ஒருவாறு பொருந்தும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 1957-இல் ஆல்டர், வெய்ன்ரைட் என்னும் இருவர் கணிப்பொறியில் கண்டதற்கு அது பொருந்தவே பொருந்தாது. ஒன்றையொன்று ஈர்க்காத வெறும் கெட்டியான உருண்டைகளை நெருக்கி அடைத்தபோது, அவை தாமாகவே படிகம்போல் வரிசையாக நின்றன. நெரிசலான பேருந்தில் ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்றால் ஒருவருக்கும் அசைய முடியாது. வரிசையாக நின்றால் எல்லோருக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கும். உருண்டைகளின் கதையும் அதுவே. அசைய இடம் கூடினால் அமையும் விதங்களும் கூடும். ஒழுங்கு பெருகியது, என்ட்ரோபியும் பெருகியது. நம் விடைத்தாள் வரி இதற்கு என்ன சொல்லும்?

கணிதத் துறை நண்பர்களையும் இங்கே அழைக்க வேண்டும். 1948-இல் ஷானன் செய்திப் பரிமாற்றத்திற்கென ஒரு கணிதக் கோட்பாடு அமைத்தபோது, அதன் மைய அளவுக்கும் என்ட்ரோபி என்றே பெயரிட்டார். அப்பெயரை வைக்கச் சொன்னவர் நாய்மன் என்றும், “அது இன்னதென்று ஒருவருக்கும் தெரியாது, ஆகவே வாதத்தில் நீரே வெல்வீர்” என்ற பொருள்படச் சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, உறவு மெய்யானது. கணிப்பொறி தன் நினைவில் ஒரு பிட்டை அழித்தால் குறைந்தது இவ்வளவு வெப்பமாவது வெளிப்பட வேண்டும் என்று லாண்டவர் 1961-இல் கூறினார். அறை வெப்பநிலையில் அது ஒரு ஜூலைக் கோடியால் மும்முறை வகுத்து வருவதில் ஏறத்தாழ மூன்று பங்கு. இந்த நுண்ணிய அளவையும் 2012-இல் சோதனையில் கண்டுவிட்டார்கள். கருந்துளைக்கும் என்ட்ரோபி உண்டு என்று 1970-களில் பெக்கன்ஸ்டைனும் ஹாக்கிங்கும் காட்டினர். அது கன அளவைப் பொறுத்ததன்று, பரப்பைப் பொறுத்தது. அங்கே எதை எண்ணுகிறோம் என்பது முழுமையாகத் தெளியவில்லை. தெளியவில்லை என்று அத்துறையினரே ஒப்புக்கொள்வதை நான் மதிக்கிறேன்.

மேடைப் பேச்சாளர்களிடம் எனக்கு அந்த மதிப்பு வருவதில்லை. குடும்பத்தில் என்ட்ரோபி, அரசியலில் என்ட்ரோபி என்கிறார்கள். எதை எண்ணினீர்கள், எந்த வெப்பநிலையால் வகுத்தீர்கள் என்று கேட்டால் கைதட்டல்தான் விடை.

இனி யானைக்கு வருவோம். இரண்டாம் விதி தனித்து மூடிய அமைப்புக்கு உரியது. பூமி அப்படிப்பட்டதன்று. ஏறத்தாழ 5,800 கெல்வினில் உள்ள சூரியப் பரப்பிலிருந்து ஒளி வருகிறது. பூமி ஏறத்தாழ 255 கெல்வினுக்குரிய வெப்பக் கதிராக அதை விண்வெளிக்குத் திருப்பி அனுப்புகிறது. வரவும் செலவும் ஆற்றலில் கிட்டத்தட்டச் சமம். ஆனால் வரும் ஒவ்வோர் ஒளித்துகளுக்கும் ஏறத்தாழ இருபது துகள்கள் வெளியேறுகின்றன. இருபது துகள்கள் அமையும் விதங்கள் மிகப் பல. பூமி ஓயாமல் என்ட்ரோபியை ஏற்றுமதி செய்கிறது. அந்தக் கணக்கில் ஒரு யானை என்ன, ஒரு காடே அடங்கும்.

மூன்று துறைகளும் சேர்ந்து ஒரு வாரம் இதைப் பொதுவாக நடத்தினால் என்ன? கால அட்டவணை இடம் தராது என்பார்கள். மாலை நான்கு மணிக்கு மேல் விரிவுரைக்கூடம் காலியாகத்தானே கிடக்கிறது?

அந்த வரலாற்று மாணவரைப் பின்னொரு நாள் சிற்றுண்டிச் சாலையில் சந்தித்து இருபது துகள் கணக்கைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நிலாவிலும் அதே வெயில்தானே அடிக்கிறது? அங்கே ஏன் யானை இல்லை?” என்றார். விதி தடுக்கவில்லை என்பதுவரைதான் இயற்பியல் சொல்லும், எப்படி நடந்தது என்பதை விலங்கியல் துறையிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே என் காபிக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்தார்.