வாயில் காத்தவரும் கடவை காப்போரும்

தலவில புனித அன்னம்மாள் திருத்தலத்துக்குப் புகையிரதத்தில் வருவோர் பாலாவியில் இறங்கி, கற்பிட்டி வீதியால் பயணத்தைத் தொடர்வர். 1926ஆம் ஆண்டு புத்தளம் வரை நீண்ட அந்தப் பாதையில், சிறு வீதிகள் தண்டவாளத்தைக் கடக்கும் இடங்களில் சிறு குடில் நிழலில் ஒருவர் அமர்ந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். புகையிரதம் வருமுன் தடையை இறக்குவார், போனபின் உயர்த்துவார். அவருடைய முகம் நம்மில் எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

அவரைக் காணும்போதெல்லாம் எனக்கு அருளாளர் சொலானஸ் கேசியின் நினைவு வருகிறது. அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, விஸ்கான்சின் மாநிலத்தில் நிலம் திருத்திப் பயிரிட்ட பெற்றோருக்கு 1870இல் பிறந்தவர் அவர். பதினாறு பிள்ளைகளில் ஆறாமவர். சிறுவயதில் தொண்டை அடைப்பான் நோய் இரு சகோதரிகளைக் கொண்டுபோயிற்று; அவருடைய குரலையும் நிரந்தரமாக மெலிவித்தது. பதின்ம வயதிலேயே வீட்டை விட்டு வேலை தேடிப் புறப்பட்டார். மரம் அறுக்கும் இடத்தில் உழைத்தார், சிறைக்காவலராய் இருந்தார், பின்னர் மின்சார ட்ராம் வண்டி ஓட்டினார். ஒருகாலத்தில் கொழும்பு வீதிகளிலும் ஓடிய அதே வகை வண்டிதான்.

சுப்பீரியர் நகரில் ஒருநாள் அவர் ஓட்டி வந்த வண்டிக்கு முன்னே, தண்டவாளத்தின் மேல் ஒரு பெண் விழுந்து கிடந்தாள். கத்தியோடு குடிபோதையில் ஒரு மாலுமி அவளருகே நின்றான். அந்தக் காட்சி கேசியை விட்டு நீங்கவில்லை. சில காலத்துக்குள் அவர் குருமடம் சேர்ந்தார்.

அவர் தண்டவாளத்தை விட்டுப் பீடத்துக்கு உயர்ந்தார் என்று சொல்வதுதான் வழக்கம். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. குருமடத்தில் பாடங்கள் ஜெர்மன் மொழியிலும் இலத்தீனிலும் நடந்தன, அவர் தடுமாறினார். கப்புச்சின் சபையில் 1904இல் குருப்பட்டம் பெற்றபோதும், பாவசங்கீர்த்தனம் கேட்கவோ கோட்பாட்டு மறையுரை ஆற்றவோ அவருக்கு அனுமதி இல்லை. பிறகு அவருக்குக் கிடைத்த பணி என்ன? மடத்தின் வாயிற்காப்பு! டெட்ரொயிட் நகரில் 1924 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் கதவைத் திறந்து மூடினார். வேலையற்றோரும் நோயாளரும் அங்கே வந்து நின்றனர். அவர்களின் விண்ணப்பங்களைக் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். 1929இல் பசித்தோருக்கான உணவுக்கூடம் தொடங்கியதிலும் அவருக்குப் பங்குண்டு. 1957இல் இறந்த அவரை, 2017 நவம்பர் 18ஆம் நாள் திருச்சபை அருளாளராக உயர்த்தியது. வண்டியோட்டியாக இருந்தபோது அவர் கற்ற பாடம், வழியில் கிடப்பவருக்காக நிற்பது. அதையே வாசலிலும் செய்தார். வேறெதுவும் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

நம் கடவைகளுக்கு வருவோம். 2005இல் பொல்காவலைக்கு அருகே யாங்கல்மோதரவில், மூடிய கடவையைச் சுற்றிக் கடக்க முயன்ற பேருந்தொன்றைப் புகையிரதம் மோதி முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காவலிருந்தும் அவசரம் வென்ற கதை அது. காவலே இல்லாத கடவைகளோ நாடெங்கும் நூற்றுக்கணக்கில் இருந்தன. 2013ஆம் ஆண்டளவில் பொலிஸார் ஊடாகப் பலர் அவற்றுக்கு அமர்த்தப்பட்டனர். கொடுப்பனவு நாளொன்றுக்கு 250 ரூபாய்! இரவு பகலாய் உயிர்களைக் காத்தவர்கள், நிரந்தர நியமனம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடினர். வேலைநிறுத்தம் செய்தபோது, பயணிகளின் பாதுகாப்பைப் பணயம் வைப்பதாக அவர்களையே குறைகூறினோம். அந்தக் கூலியில் ஒரு குடும்பம் எப்படி வாழும் என்று கேட்டவர் சிலரே.

அருளாளரின் நினைவுநாள் ஜூலை 30. தலவில ஆகஸ்ட் திருவிழாவுக்கு நாம் மூட்டை கட்டும் நாட்கள் அவை. பங்குதோறும் விசுவாசிகளின் மன்றாட்டில் கடவை காப்போருக்கும் ஓர் இடம் ஒதுக்குவது பெரிய காரியமல்ல. மன்றாடியபின், நம் ஊர்க் கடவையில் இருப்பவருக்கு என்ன சம்பளம், மழைக்கு ஒதுங்கக் கூரை உண்டா, இரவில் விளக்கு உண்டா என்று பங்குப் பேரவை நேரில் போய்க் கேட்டு, உரிய அதிகாரிகளுக்கு எழுதட்டும். யாத்திரை வாகனங்களின் சாரதிகளுக்கும் ஒரு சொல்: தடை இறங்கியபின் ஹோர்ன் அடிக்காதீர்கள்.